இரண்டு நாளில் சரியாகும்

அத்தியாயம் 11

போன வாரம் டீச்சரை ஒரு வாடகைக் காரின் பின்சீட்டில் உட்கார வைத்து, மடியில் சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம். "வயிற்றுப் பிள்ளைக்காரியை ஏன் இப்படிப் படுத்துகிறீர்கள்?" என்று மூன்று வாசகிகள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். நானா படுத்துகிறேன்? வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார், நாள் குறித்தார், குறித்த நாள் வந்துவிட்டது. காலையில் அவருடைய மகளின் கட்டில் உள்ளே வரப் பார்க்க, டீச்சரின் கட்டில் வெளியே போகப் பார்க்க, இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நின்றன.

கதையை இன்றுதான் கையில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டீச்சர் மழலையர் பள்ளியில் வேலை பார்ப்பவள். இப்போது ஏழாவது மாதம். இதற்கு முன் இரண்டு தடவை ஐந்தாம் மாதத்தோடு கலைந்துவிட்டது. கர்ப்பப்பையின் வாய் பலவீனமாக இருக்கிறது என்று இந்தத் தடவை முன்கூட்டியே தையல் போட்டிருக்கிறார்கள். டாக்டரம்மா இரண்டே விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். வாராவாரம் வந்து காட்ட வேண்டும். படி ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது.

கிடைத்த புது வீடோ நான்காவது மாடியில். "என்னங்க இது?" என்று டீச்சர் கேட்டபோது அவள் கணவன் சிரித்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக்.

"லிஃப்ட் இருக்கு. இப்போ நின்னு கிடக்கு, அதனாலதான் வீடு நமக்குக் கிடைச்சது. ஒரே ஒரு சாமான் போட்டா ஓடும். நீ வர்ற அன்னிக்கு பட்டனை அமுக்கு, மேல போ. அவ்வளவுதான்."

ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவன் சொன்னால் பெண்டாட்டி நம்பாமல் யார் நம்புவார்கள்? டீச்சர் நம்பினாள். பழைய வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

கார் நின்றபோது மடியிலிருந்த கடிகாரம் பத்து என்றது. அது எப்போதும் ஏழு நிமிஷம் முந்தி ஓடுகிற கடிகாரம். அதைத் திருத்த வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

கட்டடத்தின் கீழ்த்தளம் முழுக்க வண்டிகள் நிறுத்தும் இடம். தூண்களில் எண்கள், சுவரில் வரிசையாக மின்சார மீட்டர்கள், ஒரு மூலையில் வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலி. குடியிருக்கிற மாதிரி ஒரு அறை கூடக் கீழே கிடையாது. எதிரே லிஃப்ட். கம்பிக் கதவு இழுத்துச் சாத்தியிருந்தது. உள்ளே யாரோ நான்கு துடைப்பத்தையும் சக்கரம் போன ஒரு குழந்தைகள் சைக்கிளையும் வைத்திருந்தார்கள்.

ஓடுகிற லிஃப்டுக்குள் யாரும் துடைப்பம் வைப்பதில்லை. டீச்சர் காரைவிட்டு இறங்கவில்லை.

மெக்கானிக் ஓடி வந்து கார்க் கதவைத் திறந்தான். தூங்காத முகம்.

"இன்னும் ஒரு சாமான்தான் வரணும். போய் எடுத்துட்டு வந்துடறேன். ஒரு மணி நேரம்."

"எங்கேருந்து?"

"தெரிஞ்ச இடம்தான். நீ இந்த நாற்காலியில உட்காரு. யார் கூப்பிட்டாலும் படியில கால் வைக்காதே."

"நேத்தே ஓடும்னீங்க."

"நேத்து பாதி ஓடுச்சு."

லிஃப்ட் எப்படிப் பாதி ஓடும் என்று அவள் கேட்பதற்குள் பைக் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

சாமான் தூக்குகிறவர்கள் அவளைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். கட்டில் போனது. அடுப்பு போனது. புத்தக அலமாரி படிக்கட்டின் முதல் திருப்பத்திலேயே சுவரைக் கீறிக்கொண்டு போனது. அவளுடைய குடித்தனம் முழுவதும் அவளைக் கீழே விட்டுவிட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதில் குழந்தைக்கு என்று ஒரு துண்டுத் துணி கூட இல்லை. முன்பு இரண்டு தடவையும் வாங்கி வைத்து, இரண்டு தடவையும் யாருக்கோ கொடுக்க நேர்ந்தபின், இந்தத் தடவை அவள் எதையும் வாங்கவில்லை.

பதினொன்றரைக்கு மேலேயிருந்து ஒரு துணிப்பை கயிற்றில் இறங்கி வந்து, அவள் தலைக்கு இரண்டடி தள்ளி ஆடிக்கொண்டு நின்றது.

"வாட்ச்மேன், மருந்துச் சீட்டு உள்ள இருக்குப்பா," என்றது ஒரு குரல். பிறகு, "நாற்காலியில யாரு அது? புதுக் குடியா?"

டீச்சர் எழுந்து வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தாள். மூன்றாவது மாடிக் கம்பியின் மேல் நரைத்த தலை ஒன்று தெரிந்தது.

"ஆமாம்மா. நாலாவது மாடிக்கு. வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருக்கார்."

"அவன் அப்படித்தான். நான் தபாலாபீஸ்ல முப்பது வருஷம் ஸ்டாம்பு குத்தினவ. ஊரு தபாலை எல்லாம் அனுப்பி வெச்சேன், இப்போ என் தபால் கயித்துல இறங்குது. நீ ஏன் கீழயே நிக்கறே, மேல வாயேன்."

"படி ஏறக்கூடாதும்மா. ஏழு மாசம்."

நரைத்த தலை கம்பிக்கு வெளியே இன்னும் குனிந்தது.

"அடப்பாவமே," என்றார் தபால் அம்மா. "இந்தக் கட்டடத்துக்கா வந்தே?"

"நீங்க எப்படிம்மா இறங்குவீங்க?"

"நான் எங்கே இறங்கறது. முட்டி ரெண்டும் போச்சு. லிஃப்ட் நின்ன அன்னிக்குக் காலையில கண் டாக்டர்கிட்ட போக இறங்கினேன். மத்தியானம் வந்தா நின்னு கிடக்கு. நாலு பேர் தூக்கிட்டு வந்து மேல விட்டாங்க. அப்புறம் ஒரு தடவை கீழ இறக்கப் பார்த்தாங்க, ரெண்டாவது மாடியில ஒருத்தருக்குக் கால் வழுக்கிடுச்சு. வேண்டாம்பா, என்னை விட்டுடுங்கன்னு சொல்லிட்டேன். ரெண்டு வருஷம் ஆச்சு. மேலேருந்து பார்த்தா மனுஷங்க உச்சந்தலைதான் தெரியும். நீ நிமிர்ந்து பேசறதால உன் மூஞ்சி தெரியுது."

"யாரும் சரி பண்ண வரலியா?"

"வந்தானே ஒரு பாவி. உள்ள இருந்ததைக் கழட்டிட்டு ரெண்டு நாள்னு எழுதித் தொங்கவிட்டுட்டுப் போயிட்டான். கதவுல இருக்கும் பாரு."

டீச்சர் மெல்ல நடந்து லிஃப்டருகே போனாள்.

கம்பிக் கதவில் ஒரு மஞ்சள் அட்டை, மெல்லிய கம்பியால் கட்டியிருந்தது. 'பழுது. இரண்டு நாளில் சரியாகும்.' அதன் கீழே கட்டடத்தார் ஒவ்வொருவராகப் பதில் எழுதியிருந்தார்கள். நீல மையில், 'எந்த இரண்டு நாள்?' பென்சிலில், குண்டு குண்டாக, 'சார், நான் ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டேன்.' யாரோ ஒரே வார்த்தையில் திட்டியிருந்தார், இன்னொருவர் நாகரிகம் கருதி அதை அடித்திருந்தார்.

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு அவள் சிரித்தது அது ஒன்றுதான். அதற்குப் பிறகு அட்டையின் மேல்மூலையில் இருந்த தேதியைப் பார்த்தாள்.

அந்தத் தேதியை அவள் காலண்டரில் கூடப் பார்க்க மாட்டாள். அந்த மாதத் தாள் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இரண்டாவது பிள்ளை போன நாள் அது.

அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் தடவினாள். எழுத்துகள் புடைத்துக்கொண்டு நின்றன. பேனாவை அப்படி அழுத்தி எழுதுகிறவன் அவளுக்குத் தெரிந்து ஒருவன்தான். "நீங்க எழுதினா மேஜைக்கும் வலிக்கும்," என்று அவனை எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறாள்.

அன்று நடந்ததில் பாதிதான் அவளுக்குத் தெரியும். பள்ளியில் ரத்தப்போக்கு தொடங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆபரேஷன் தியேட்டர் மூன்றாவது மாடியில். லிஃப்ட் நின்றுவிட்டிருந்தது. படிக்கட்டின் குறுகலான திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை, அவளைத் தூக்கி உட்கார வைக்கவும் கூடாது என்றார்கள். மெக்கானிக் ஓடிவந்து, மேலே மோட்டார் அறையைத் திறந்து பார்த்து, கன்ட்ரோல் போர்டு எரிந்துபோயிருக்கிறது என்று சொல்லிவிட்டு எங்கோ ஓடினான். மூடிய லிஃப்ட் கதவின் முன்னால் நாற்பது நிமிஷம் அவள் கூரை விளக்கைப் பார்த்தபடி படுத்திருந்தாள். பிறகு கதவு திறந்தது. அவள் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

அந்த போர்டு எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்டதே இல்லை. உயிரைக் காப்பாற்றியவனிடம் ரசீதா கேட்பார்கள்?

அவள் கம்பியை முறுக்கிப் பிரித்தாள். அட்டையை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. மீண்டும் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து கடிகாரத்தை மடியில் எடுத்துக்கொண்டாள். வயிறு ஒரு தடவை இறுகி, சிறிது நேரம் அப்படியே இருந்து, தளர்ந்தது.

ஒரு மணிக்கு நாத்தனார் மூச்சு வாங்க இறங்கி வந்தாள். மெக்கானிக்கின் அக்கா. அதே ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் பதினெட்டு வருஷமாகப் படுக்கை விரிப்பு துவைக்கிறவள். அன்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"இன்னுமா வரல அவன்? சாப்பாடு கொண்டு வந்திருக்கேன், முதல்ல சாப்பிடு. அடுப்பை வெச்சுட்டேன், படுக்கையை விரிச்சுட்டேன். உன் புஸ்தகப் பெட்டியைத் தூக்கினவன் உள்ள கல்லு இருக்கான்னு கேட்டான்."

டீச்சர் ஒரு வாய் எடுத்து வைத்தாள். மீதியை டப்பாவிலேயே விட்டாள்.

"அண்ணி, ஆஸ்பத்திரியில லிஃப்ட் நல்லா ஓடுதா?"

"ஓடுது, ஓடுது. எங்க விரிப்பு வண்டியே நாளைக்கு முப்பது தடவை ஏறுதே. ஏன் கேக்கறே?"

"புது லிஃப்ட் போடப் போறாங்கன்னு இவர் ஒரு நாள் பேச்சுவாக்குல சொன்னார்."

"இந்த மாசம்னாங்க. அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வெச்சு மூணு வாரம் ஆச்சே. நோட்டீஸ் எங்க ரூம் வாசல்லதான் ஒட்டியிருக்கு. பழசுதான் இன்னும் ஒரு வருஷம் ஓடணும். அவனுக்கு என்ன அதைப் பத்தி?"

டீச்சர் டப்பாவை மூடினாள். எல்லாம் தெளிவாகிவிட்டது. புது லிஃப்ட் வந்ததும், இங்கிருந்து கழற்றிக் கொண்டுபோன போர்டு அங்கே கழித்துப் போடப்படும், அதைக் கொண்டுவந்து இங்கே திருப்பி மாட்டிவிடலாம் என்று மெக்கானிக் மனதுக்குள் ஒரு கோட்டை கட்டியிருக்கிறான். கூடப் பிறந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தக் கோட்டை அன்றைக்கே சரிந்திருக்கும். ஏன் கேட்கிறாய் என்று அவள் திருப்பிக் கேட்பாளே, அந்தக் கேள்விக்குப் பயந்து கேட்காமல் இருந்திருக்கிறான்.

நான்கு மணிக்கு மெக்கானிக் வந்தான். கையில் ஸ்பானர் பை மட்டும் இருந்தது.

"கிடைக்கல," என்றான்.

"இருந்துச்சா?"

அவன் பையை இன்னொரு கைக்கு மாற்றினான்.

"இருந்தும் எடுக்கலியா?"

அவன் பையைத் தரையில் வைத்துவிட்டு அவள் காலடியில் குந்தி உட்கார்ந்தான். அக்கா ஏதோ திட்டத் தொடங்கி, இருவர் முகத்தையும் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு வேலையிலிருந்து திரும்புகிறவர்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர் கட்டடத்தின் செகரட்டரி. கண்ணாடியைத் தேடிக்கொண்டே இருக்கும் மனிதர், பெரும்பாலும் அது அவர் தலைமேலேயே இருக்கும். வாட்ச்மேன் நாற்காலியில் காலையிலிருந்து ஒரு கர்ப்பிணி உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்டதும் பதறிப்போனார்.

"என்ன சார் இது, ஒரு போன் பண்ணக்கூடாதா? நாங்க எல்லாம் எதுக்கு இருக்கோம்?"

பத்து நிமிஷத்தில் முதல் மாடியிலிருந்து டிரைவரும் இரண்டாவது மாடியிலிருந்து பேக்கரிக்காரரும் வந்துவிட்டார்கள். மேலேயிருந்து டீச்சரின் சாப்பாட்டு மேஜை நாற்காலியே இறங்கியது, கை வைத்த மர நாற்காலி. நாத்தனார் படுக்கை விரிப்பால் அவளை நெஞ்சுக்கு மேலே சுற்றி நாற்காலியோடு கட்டினாள். முன்கால் இரண்டையும் டிரைவரும் செகரட்டரியும் பிடித்தார்கள். பின்கால் இரண்டில் வலது பேக்கரிக்காரருக்கு, இடது மெக்கானிக்குக்கு.

"ஒண்ணு, ரெண்டு, மூணு," என்றார் டிரைவர்.

நாற்காலி எழுந்தது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். மேலே ஏற்றிவிடுவார்கள், அது அவளுக்குத் தெரியும். இறக்குவது எப்படி என்பதுதான் தெரியவில்லை.

"எங்களுக்குப் பழக்கம்தாம்மா," என்றார் பேக்கரிக்காரர் மூச்சுக்கு நடுவே. "மூணாவது மாடி அம்மாவைத் தூக்கினதும் இதே கைதான். அந்த மெக்கானிக் பய மட்டும் என்கிட்ட சிக்கட்டும்."

"சிக்கினா?" என்றார் டிரைவர்.

"அடுப்புக்கு முன்னாடி நிக்க வெச்சு ஒரு நாள் பூரா ரொட்டி தட்ட விடறேன்."

"அது போதாது. இதே நாற்காலியில கட்டி, மேலேருந்து தனியா அனுப்பி வைக்கணும்."

மூன்று பேரும் சிரித்தார்கள். இடது பின்கால் ஒரு தடவை தாழ்ந்து நிமிர்ந்தது.

"பார்த்து சார்," என்றார் செகரட்டரி. "கை வலிச்சா சொல்லுங்க, நிறுத்தி எடுத்துக்கலாம்."

"இல்ல," என்றது டீச்சரின் பிடரிக்குப் பின்னால் அவள் கணவனின் குரல். "போகலாம்."

மூன்றாவது மாடியில் நிறுத்தி இளைப்பாறினார்கள். தபால் அம்மா வாசலில், ஊன்றி நடக்கும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எதிரெதிரே பார்த்தால் மேலேயிருந்து தெரிந்ததைவிடச் சின்ன உருவம்.

"நல்லபடியா பெத்துப் பிழைக்கணும்," என்று டீச்சரின் கையைப் பிடித்தார். "நானும் இப்படித்தான் நாற்காலியில வந்தேன். ரெண்டு நாள்தானேன்னு நினைச்சுட்டு வந்தேன்." பிறகு மெக்கானிக்கைப் பார்த்து முகம் மலர்ந்தார். "நீங்க லிஃப்ட் வேலை தெரிஞ்சவராமே. கடவுள்தான் அனுப்பியிருக்கார்."

மெக்கானிக் நாற்காலிக் காலைக் குனிந்து பிடித்துக்கொண்டான்.

"நீ நாளைக்கே கயிறு வாங்கிடு," என்றார் தபால் அம்மா டீச்சரிடம். "என்னோடதை அளவுக்கு எடுத்துட்டுப் போகச் சொல்லு. உனக்கு ஒரு மாடி அதிகமா வேணும்."

நான்காவது மாடி வீடு நல்ல வீடு. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். இரண்டு அறை, இரண்டிலும் ஜன்னல், சமையலறைக் குழாயில் தண்ணீர் நன்றாக வந்தது. பெட்டிகளுக்கு நடுவே நாற்காலியை இறக்கிவிட்டு மூன்று பேரும் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்கள்.

"செக்கப் என்னிக்கும்மா?" என்றார் செகரட்டரி.

"வியாழக்கிழமை."

"எட்டு மணிக்கு சாரோட சேர்த்து நாங்க நாலு பேரும் ரெடி. ராத்திரி பகல் எப்போ வலி வந்தாலும் கதவைத் தட்டுங்க, யோசிக்காதீங்க." வாசல்வரை போனவர் திரும்பினார். "சார், ஒரு விஷயம். லிஃப்ட் ரிஜிஸ்டர் ஒண்ணு மீட்டர் பக்கத்துல பழைய பெட்டியில கிடக்கு. யார் எதைக் கழட்டினாலும் பேர் எழுதணும்னு முன்னாடி இருந்த செகரட்டரி வெச்சிருந்தார். அந்த லிஃப்ட் கம்பெனியையே மூடிட்டாங்களே, பேர் தெரிஞ்சு என்ன ஆகப்போகுதுன்னு நாங்க தேடல. இப்போ நீங்க வந்துட்டீங்க. உங்க தொழில்ல ஒருத்தருக்கு ஒருத்தர் தெரிஞ்சிருக்குமே."

"தெரியும்," என்றான் மெக்கானிக்.

"போய் எடுத்துட்டு வந்துடறேன்," என்று செகரட்டரி படியிறங்கினார்.

அவர்கள் போனதும் நாத்தனார் காபி கலக்க உள்ளே போனாள். கடிகாரத்தை எப்போதோ சுவரில் மாட்டியிருந்தாள். டீச்சர் கைப்பையைத் திறந்து மஞ்சள் அட்டையை எடுத்துப் பக்கத்துப் பெட்டியின் மேல் வைத்தாள்.

மெக்கானிக் அதைத் தொடவில்லை.

"இந்தக் கட்டடமும் அப்போ என் கான்ட்ராக்ட்லதான் இருந்துச்சு. நேரா மோட்டார் ரூமுக்குப் போயிட்டு வருவேன், இங்கே யாருக்கும் என் மூஞ்சி தெரியாது," என்றான். "அதே மாடல். பத்து நிமிஷ தூரம். ரெண்டு நாள்ல ஆஸ்பத்திரி புதுசு வாங்கிடும், இதைத் திருப்பி மாட்டிடலாம்னு நினைச்சேன். அவங்க வாங்கல. அந்த போர்டு செய்யறதையே நிறுத்திட்டாங்க. கம்பெனியும் மூடிப் போச்சு. அப்புறம் இந்தத் தெருப் பக்கமே வரல."

"இங்கே வீடு பார்த்தது?"

"ஆஸ்பத்திரிக்குப் புது லிஃப்ட் வருதுன்னாங்க. இதைக் கொண்டு வந்து மாட்டிட்டா யாருக்கும் தெரியாம சரியாயிடும். உனக்கும் வீடு ஆச்சு. இவங்களுக்கும் லிஃப்ட் ஆச்சு."

"இன்னிக்குப் போய் என்ன பண்ணீங்க?"

"மோட்டார் ரூம்ல நின்னேன். காலையிலேருந்து அங்கேதான் இருந்தேன். நாலு திருகுல ரெண்டைக் கழட்டிட்டேன். கீழ மணி அடிச்சுது. கதவு வழியா எட்டிப் பார்த்தேன். ஸ்ட்ரெச்சர்ல ஒரு பொண்ணு. மூஞ்சி தெரியல." அவன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "திருப்பி முடுக்கிட்டேன்."

டீச்சருக்கு அழுகை வந்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது. வரவில்லை.

"நீங்க கழட்டிட்டு வந்திருந்தா உங்க முகத்துல முழிச்சிருக்க மாட்டேன். கழட்டாம வந்திருக்கீங்க, இப்பவும் உங்களைப் பார்க்கப் பிடிக்கல. நான் என்ன பண்ணட்டும்?"

அவன் தலையைத் தொங்கப் போட்டான்.

"அந்த அம்மா ரெண்டு வருஷமா தெருவைத் தொடலங்க. எனக்காக. நான் கேக்கவே இல்ல, ஆனா எனக்காகத்தான். இனிமே அவங்க தலைக்கு மேல நான் எப்படி நடப்பேன்?"

"எனக்குத் தெரிஞ்சதைப் பண்ணேன்."

"அவர் ரிஜிஸ்டரோட வர்றதுக்குள்ள நீங்களே போய்ச் சொல்லிடுங்க. உங்க பேர் அதுல இருக்குமா?"

"இருக்கும். எதைக் கழட்டினாலும் எழுதாம கை நகராது. அன்னிக்கும் எழுதிட்டுத்தான் ஓடினேன்."

"அப்போ எழுந்திருங்க."

அவன் எழுந்திருக்கவில்லை. முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தான்.

"சொல்லிடறேன். சொன்னதுக்கப்புறம் திடீர்னு உனக்கு வலி வந்தா, நாற்காலியோட அந்த மூணு காலையும் யார் பிடிப்பாங்க?"

இந்தக் கதையை எழுதுகிற என்னைக் கேட்டாலும் தெரியாது. சொன்னால் இறங்க வழியில்லை, சொல்லாவிட்டால் இந்த வீட்டில் இருக்க வழியில்லை. பழைய வீட்டில் இந்நேரம் வேறொருத்தியின் கட்டில் போட்டாகிவிட்டது. அவளுடைய வயிறு மறுபடி இறுகியது. காலையில் இறுகியதைவிடச் சற்று அதிக நேரம் நீடித்தது. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

அழைப்பு மணி அடித்தது. நாத்தனார் போய்த் திறந்தாள்.

செகரட்டரி மூச்சிரைக்க நின்றார். கையில் தூசி படிந்த நீள நோட்டு. அவருக்குப் பின்னால் மாவுக் கையோடு பேக்கரிக்காரர்.

"தேடின உடனே கிடைச்சிடுச்சு," என்று உள்ளே வந்தார் செகரட்டரி. நோட்டைப் பிரித்து, சட்டைப் பையைத் தட்டிப் பார்த்து, தலையைத் தடவிப் பார்த்துச் சலித்துக்கொண்டார். "கண்ணாடியைக் கீழயே விட்டுட்டேன். டீச்சர், நீங்க படிக்கத் தெரிஞ்சவங்க. அந்தத் தேதிக்கு நேரா என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க."

நோட்டு டீச்சரின் மடிக்கு வந்தது. மெக்கானிக் ஜன்னலருகே போய் நின்றுகொண்டான்.

ஐந்து கட்டங்கள். அவள் விரலை வைத்துப் படித்தாள். தேதியைப் படித்தாள், குரல் நடுங்காமல் வந்தது. கழற்றிய பொருளைப் படித்தாள்: "கன்ட்ரோல் போர்டு, ஒன்று." கொண்டுபோகும் இடம் என்ற கட்டத்தில் ஆஸ்பத்திரியின் பெயரைப் படித்தாள்.

"ஆஸ்பத்திரிக்கா?" என்றார் பேக்கரிக்காரர்.

அடுத்த கட்டம் காரணம். தாளைக் கிழித்துவிடும் அளவுக்கு அழுத்தி எழுதியிருந்தது. 'என் மனைவி கீழே படுத்திருக்கிறாள்.' அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் பெயர்.

டீச்சர் அந்த இரண்டு கட்டங்களையும் வாய்விட்டுப் படிக்காமல் விரலை அங்கேயே வைத்திருந்தாள். வயிற்றின் மேலிருந்த நோட்டு ஒரு தடவை உள்ளேயிருந்து உதைபட்டு அசைந்தது.

"அவசரமில்ல டீச்சர், மெதுவாப் படிங்க," என்றார் செகரட்டரி, பெட்டியின் மேல் உட்கார்ந்தபடி. "ரெண்டு வருஷம் காத்திருந்தோம். ரெண்டு நிமிஷம் காத்திருக்க மாட்டோமா?"